சோதனைக் குழாயில் அறிமுகமான அறிஞர்

சென்ற ஆண்டு உயிர்வேதியியல் செய்முறை வகுப்பில், பாஸ்பரசின் அளவைக் காணும் சோதனை ஒன்றை எங்களுக்கு வைத்தார்கள். கரும்பலகையில் பிஸ்கே-சுப்பராவ் முறை என்று எழுதியிருந்தது. பிஸ்கே யாரோ வெள்ளைக்காரர் என்று விட்டுவிட்டேன். சுப்பராவ் என்பவர் எங்கள் ரெக்கார்டு நோட்டை அச்சிட்ட கம்பெனியின் முதலாளியாக இருக்கக்கூடும் என்று எண்ணிக்கொண்டேன். சொன்னால் சிரிப்பீர்கள். என் பக்கத்தில் நின்ற தோழியும் அப்படித்தான் எண்ணியிருந்தாள்.

கரைசலில் அமில மாலிப்டேட்டை ஊற்றி, அதன்மேல் ஒடுக்கும் மருந்தைச் சில துளிகள் சேர்த்துச் சற்றுநேரம் காத்திருந்தால் குழாயில் ஒரு நீலநிறம் மெல்ல மலர்கிறது. பாஸ்பேட் கூடினால் நீலம் அடர்கிறது, குறைந்தால் வெளிறுகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருளின் எடையை நிறத்தைக் கொண்டே சொல்லிவிடலாம். இந்த முறையை வகுத்தவருள் ஒருவர் சென்னையிலே படித்தவர் என்று ஆசிரியை சொன்னபோது எனக்கு வியப்பு. ஆயினும் அன்று அதோடு மறந்துபோனேன். அவரை மறுபடி தேடிப் போகும்படி செய்தவன் என் தம்பி.

தம்பியின் கதையைக் கொஞ்சம் சொல்லித்தான் ஆகவேண்டும். எங்கள் ஊர் மேலூர்ப் பக்கம். பெரியாற்றுக் கால்வாயில் தண்ணீர் வந்தால் நெல், வராவிட்டால் கூலிவேலை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எனக்கடுத்தவன் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தான். பள்ளியில் மாதிரிச் செய்முறைத் தேர்வு நடந்தபோது உமிழ்நீர் நொதிச் சோதனையில் தவறான முடிவை எழுதிவிட்டான். வகுப்பே சிரிக்கும்படி அது வாசிக்கப்பட்டது. அந்த வெட்கத்தில், உண்மையான செய்முறைத் தேர்வன்று காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டான். முடிவு வந்தபோது தேர்ச்சி இல்லை. திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போகிறேன் என்று பையைக் கட்டினான். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அம்மா மட்டும், துணைத்தேர்வு எழுதிவிட்டுப் போ என்று அழுதாள்.

அவனுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? புத்திமதி அவனிடம் செல்லாது. மதுரை நத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்திற்கு வேறு ஒரு புத்தகத்தைத் தேடிப் போனபோது, கரும்பலகையில் கண்ட அந்தப் பெயர் நினைவுக்கு வந்தது. எல்லாப்பிரகட சுப்பராவின் வாழ்க்கையை அங்கே உட்கார்ந்து படித்தேன். இரண்டாம் பக்கத்திலேயே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். அன்னார் மெட்ரிகுலேஷன் தேர்வில் இரண்டு முறை தோற்றவர்!

சுப்பராவ் 1895-ஆம் ஆண்டு சனவரி 12-ஆம் நாள், அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த பீமவரத்தில் பிறந்தார். இன்று அவ்வூர் ஆந்திர மாநிலத்தில் இருக்கிறது. தந்தை ஜகந்நாதம் வருவாய்த் துறையில் சிறு உத்தியோகம் பார்த்தவர். நோயின் காரணமாக முன்னதாகவே ஓய்வு பெற்றுவிட்டார். தாயார் வெங்கம்மா. பிள்ளைகள் எழுவர். வறுமைக்குக் கேட்கவா வேண்டும்? பதின்மூன்று வயதில், காசிக்குச் சென்று யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரராகிவிடலாம் என்று பையன் வீட்டைவிட்டுக் கிளம்பிவிட்டார். தாயார் விடவில்லை, மீட்டுக்கொண்டுவரச் செய்தார். காசிக்கு வாழைப்பழம் விற்கப் போவதற்கும் திருப்பூருக்குப் பனியன் தைக்கப் போவதற்கும் எனக்கு அதிக வேறுபாடு தெரியவில்லை.

தந்தையார் மறைந்தபின் அந்தத் தாய் தம் நகையை விற்று மகனைச் சென்னைக்குப் படிக்க அனுப்பினார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, மூன்றாவது முயற்சியில்தான் சுப்பராவ் தேறினார். பின்பு மாநிலக் கல்லூரியில் இண்டர்மீடியட். கணிதத்தில் நல்ல தேர்ச்சி இருந்தும் மனம் துறவை நாடியது. இராமகிருஷ்ண மடத்தில் சேர விரும்பினார். தாயார் அனுமதிக்கவில்லை. மருத்துவம் படித்தால் மக்களுக்குத் தொண்டு செய்யலாமே என்று பெரியவர்கள் வழிகாட்ட, 1915-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். படிப்புச் செலவை ஏற்றவர் பின்னர் மாமனாரான கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தி. 1919-இல் அவர் மகள் சேஷகிரியை மணந்தார்.

இங்கே மதுரைக்காரர்கள் நினைவுகூர வேண்டிய ஒரு செய்தி உண்டு. 1921 செப்டம்பர் 22 அன்று நம் மேலமாசி வீதியில், இன்று கதர் விற்பனை நிலையமாக உள்ள வீட்டில் தங்கியிருந்த காந்தியடிகள், சட்டையைத் துறந்து அரைவேட்டி அணிந்தார். அந்தக் காலத்துக் கதர் வேகம் மருத்துவ மாணவரான சுப்பராவையும் பற்றியது. அறுவைச் சிகிச்சைக் கூடத்திற்குக் கதர் அங்கி அணிந்து சென்றார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளை நன்றாக எழுதியிருந்தும் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல், அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது. அரசாங்க மருத்துவப் பணிக்கு முயன்றார், கிடைக்கவில்லை. சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் உடற்கூற்றியல் கற்பிக்கும் வேலையை ஏற்றுக்கொண்டார்.

அதற்குள் அவர் வாழ்வில் இடி விழுந்திருந்தது. சகோதரர் இருவர் சில நாள் இடைவெளியில் ஸ்ப்ரூ என்னும் குடல்நோயால் இறந்துபோனார்கள். உண்ட உணவு உடலில் ஒட்டாமல், இரத்தம் சுண்டி, மனிதன் உருகிப்போகும் நோய் அது. அந்நோய் சுப்பராவையும் பிடித்தது. ஆயுர்வேத மருத்துவர் லட்சுமிபதியின் சிகிச்சையில் உயிர் பிழைத்தார். இந்த நோயின் பெயரை நண்பர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் அது மறுபடியும் வரும்.

இதுவரை படித்துவிட்டு வந்து தம்பியிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டான், பதில் பேசவில்லை. மறுநாள் காலையில் அவனாகவே, அந்தச் சோதனையில் தான் செய்த தவறு என்ன என்று கேட்டான்.

வீட்டிலேயே செய்து பார்ப்போம் என்று முடிவு செய்தோம். நொறுங்கரிசியைக் கஞ்சி காய்ச்சி வடிகட்டினால் அதுவே மாவுச்சத்துக் கரைசல். வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு உமிழ்நீரைச் சேர்த்து, தண்ணீர் விட்டுக் கலந்துகொண்டோம். மருந்துக்கடையில் டிங்சர் அயோடின் கேட்டால் போவிடோன் அயோடின்தான் கொடுத்தார்கள். தண்ணீரில் கலந்தால் அதுவும் போதும். நொதிக்கு ஏற்ற 37 பாகை வெப்பத்துக்கு வாட்டர் பாத் வேண்டுமே என்று தம்பி கவலைப்பட்டான். வைகாசி மாத மத்தியானத்தில் எங்கள் ஓட்டுவீட்டுக்குள் அதற்குக் குறையவில்லை!

நான்கு கண்ணாடி டம்ளர்கள். முதலாவதில் கஞ்சியும் உமிழ்நீரும். இரண்டாவதில் கஞ்சியும் கொதிக்கவைத்து ஆற்றிய உமிழ்நீரும். மூன்றாவது, பெட்டிக்கடைக்காரர் கொடுத்த பனிக்கட்டியின் நடுவே. நான்காவதில் கஞ்சியும் வெறுந்தண்ணீரும். இரண்டு நிமிடத்துக்கொரு முறை ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சொட்டு எடுத்து, வெள்ளைத் தட்டில் வைத்த அயோடின் சொட்டோடு சேர்த்தோம். தொடக்கத்தில் எல்லாம் கருநீலம். பிறகு முதல் டம்ளரின் சொட்டு மட்டும் ஊதாவாகி, செம்பழுப்பாகி, கடைசியில் அயோடினின் சொந்த மஞ்சள் நிறத்தோடு நின்றுவிட்டது. அமைலேஸ் என்னும் நொதி மாவுச்சத்தின் நீண்ட சங்கிலியை மால்டோஸ் சர்க்கரையாக வெட்டிவிட்டது. பனிக்கட்டியில் இருந்தது மிக மெதுவாக மாறியது. கொதித்த உமிழ்நீர் ஒன்றும் செய்யவில்லை. நொதி புரதமாதலால் சூட்டில் உருக்குலைந்துவிடுகிறது.

தம்பி முகம் வாடியது. பள்ளியில் தனக்குக் கொதித்த குழாயில் நீலமே வரவில்லையே, பொய்யாகவா எழுதினேன் என்று கேட்டான். அன்று செய்ததை அப்படியே செய்துகாட்டச் சொன்னேன். கொதிக்கும் உமிழ்நீரை, அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய கஞ்சியோடு கலந்து, சூடு ஆறுமுன்னே அயோடினை விட்டான். நீலம் வரவில்லை! இருவரும் திகைத்து நின்றோம். வகுப்பில் படித்தது எனக்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. மாவுச்சத்துச் சங்கிலி சுருள்போல் வளைந்திருக்க, அந்தச் சுருளுக்குள் அயோடின் நுழைந்தால்தான் நீலநிறம். சூட்டில் சுருள் அவிழ்ந்துவிடுவதால் நிறமும் கலைந்துபோகும். டம்ளரைத் தண்ணீர்ச் செம்பில் வைத்து ஆறவிட்டோம். கொஞ்சம் கொஞ்சமாக நீலம் திரும்பி வந்தது. அவன் கண்டது பொய்யல்ல, கண்டதற்கு அவன் சொன்ன காரணம்தான் தவறு. அதை எடுத்துச் சொல்ல அன்று யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

சுப்பராவின் கதைக்குத் திரும்புகிறேன். மாமனாரும் காக்கிநாடாவில் இருந்த மல்லாடி சத்யலிங்க நாயக்கர் அறக்கட்டளையும் பொருளுதவி செய்ய, 1920-களின் தொடக்கத்தில் அவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைந்தார். ஹார்வர்டில் வெப்பமண்டல மருத்துவம் பயின்றார். எல்.எம்.எஸ். சான்றிதழுக்கு அங்கே மருத்துவர் வேலை தருவார் யார்? மருத்துவமனை ஒன்றில் இரவுப் பணியாளராக நோயாளிகளின் மலசலப் பாத்திரங்களைக் கழுவிச் சம்பாதித்தார். பகலில் படிப்பு. பின்னர் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் உயிர்வேதியியல் துறையில், சைரஸ் பிஸ்கேயின் ஆய்வுக்கூடத்தில் இடம் கிடைத்தது.

1925-இல் இருவரும் வெளியிட்டதுதான் நாங்கள் செய்த அந்தப் பாஸ்பரஸ் சோதனை. பாஸ்பேட்டை விடுவிக்கும் நொதிகள் எத்தனையோ உண்டு. அவை எவ்வளவு வேலை செய்தன என்று அளக்க உலகமெங்கும் ஆய்வுக்கூடங்களில் அந்த நீலநிறமே பல்லாண்டு துணைநின்றது. அம்முறையைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் தசையை ஆராயத் தொடங்கினார்கள். தசை சுருங்க ஆற்றல் எங்கிருந்து வருகிறது? கிளைகோஜன் லாக்டிக் அமிலமாக மாறுவதே காரணம் என்று அறிஞர்கள் நம்பியிருந்தார்கள். தசையின் இயக்கத்தை ஆராய்ந்த ஹில்லுக்கும் மேயர்ஹாபுக்கும் 1922-ஆம் ஆண்டின் நோபல் பரிசும் கிடைத்திருந்தது. ஆனால் 1927-இல் பிஸ்கேயும் சுப்பராவும் தசையில் பாஸ்போகிரியேட்டின் என்ற பொருளைக் கண்டார்கள். தசை உழைக்கும்போது அது கரைகிறது. ஓய்வில் மறுபடி சேர்கிறது. 1929-இல் அடினோசின் டிரைபாஸ்பேட் என்னும் ஏ.டி.பி.யையும் பிரித்தெடுத்தார்கள். ஜெர்மனியில் கார்ல் லோமனும் அதே ஆண்டில் தனியாக அதனைக் கண்டார்.

ஏ.டி.பி.யை உயிரணுவின் நாணயம் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. தம்பிக்கு நான் இப்படிச் சொன்னேன்: மாவுச்சத்து குதிரில் கிடக்கும் நெல். அதைக் கொண்டுபோய் டீக்கடையில் நீட்ட முடியாது. நெல்லை விற்று நோட்டாக்கி, நோட்டையும் மாற்றிச் சில்லறையாக்கினால்தான் டீ. அந்தச் சில்லறைதான் ஏ.டி.பி. குதிரைத் திறந்துவிடுகிற முதல் ஆள் நம் வாயிலுள்ள அமைலேஸ்.

1930-இல் சுப்பராவ் முனைவர் பட்டம் பெற்றார். ஆனால் ஹார்வர்டில் நிரந்தரப் பதவி அவருக்குக் கிட்டவில்லை. அவர் பிரித்தெடுத்த சில பொருள்களைப் பிஸ்கே வெளிவர விடாததால், ஆண்டுகள் பல கழித்து மற்றவர்கள் அவற்றை மறுபடியும் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று என்று, பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் கூறியிருக்கிறார். மனத்தில் தைக்கும் செய்தி. ஆனால் சுப்பராவ் இதற்காகப் போராடியதாக நான் படித்தவற்றில் இல்லை.

1940-இல் அவர் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லே ஆய்வுக்கூடத்திற்கு மாறினார்; விரைவில் அதன் ஆராய்ச்சிக்குத் தலைவரானார். அடுத்த எட்டு ஆண்டுகளில் அவர் தலைமையில் நடந்தவற்றை எழுத இந்த மலர் முழுவதும் வேண்டும். மூன்றை மட்டும் சொல்கிறேன்.

பம்பாயில் 1920-களின் இறுதியில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர், ஆலைத் தொழிலாளப் பெண்கள் கருவுற்ற காலத்தில் இரத்தசோகையால் வாடுவதைக் கண்டார். ஈஸ்ட் சாறு அதைக் குணப்படுத்துவதையும் கண்டார். அதிலுள்ள பொருள் எது என்று தெரியவில்லை. அதுதான் போலிக் அமிலம். சுப்பராவின் குழுவினர் அதைச் செயற்கையாகவே தயாரித்து 1945-இல் அறிவித்தனர். பள்ளியில் வாரம் ஒருமுறை இரும்புச்சத்து மாத்திரை என்று கொடுத்தார்களே, ஆசிரியர் பாராதபோது நாங்கள் சன்னலுக்கு வெளியே வீசினோமே, அதில் இரும்போடு கலந்திருப்பது இந்தப் போலிக் அமிலந்தான். ஸ்ப்ரூ நோயாளிகளுக்கும் அது மருந்தாயிற்று. அண்ணன் தம்பியரைப் பறிகொடுத்து ஏறக்குறைய கால் நூற்றாண்டு கழித்து அந்நோய்க்கு மருந்து அவர் கைவழியே வந்தது. அந்தச் செய்தி வந்த அன்று அவர் என்ன நினைத்திருப்பார் என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசித்திருக்கிறேன்.

இரண்டாவது இன்னும் விந்தையானது. போலிக் அமிலத்தைப் போலவே தோற்றமும் ஆனால் வேலைசெய்யாத குணமும் உடைய போலிப் பொருள்களை அவர் குழு செய்து கொடுத்தது. பாஸ்டன் குழந்தை மருத்துவர் சிட்னி பார்பர், அவற்றுள் ஒன்றான அமினோப்டெரினை இரத்தப் புற்றுநோய் கண்ட 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். பத்துக் குழந்தைகளுக்கு நோய் தணிந்தது. தற்காலிகமாகத்தான். ஆயினும் அதற்கு முன் எந்த மருந்துக்கும் அந்நோய் அசைந்ததில்லை. 1948-இல் அந்த முடிவுகள் வெளியாயின. அதன் உடன்பிறப்பான மெத்தோட்ரெக்சேட் இன்றும் வழக்கில் உள்ளது. நொதியின் பூட்டுக்குள் இம்மருந்து கள்ளச்சாவிபோல் நுழைந்து அடைத்துக்கொள்கிறது என்பது பிறகுதான் தெளிவாயிற்று. நொதித் தடுப்பான்கள் என்று தம்பியின் பாடத்தில் இரண்டு மதிப்பெண் கேள்வியாக வருவது இதுவே.

மூன்றாவது, யானைக்கால் நோய்க்கான ஹெட்ரசான். கும்பகோணம் பக்கத்தில் ஒருகாலத்தில் இந்நோய் எவ்வளவு பரவியிருந்தது என்பதைப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். டை எத்தில் கார்பமசைன் என்னும் அந்த மருந்து 1947-இல் வெளிவந்தது. 1955-இல் இந்தியாவில் தொடங்கிய யானைக்கால் கட்டுப்பாட்டுத் திட்டத்திலும், பிற்காலத்தில் வீடுவீடாக மாத்திரை கொடுத்த இயக்கத்திலும் பயன்பட்டது அதுவே. ஆரியோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியை டக்கர் என்னும் முதிய தாவரவியலார் கண்டதும் இதே கூடத்தில்தான்.

இவ்வளவும் செய்தவர் ஊர் திரும்பவேயில்லை. சில ஆண்டுகளில் வந்துவிடுவதாகத்தான் புறப்பட்டார். அவர் சென்றபின் பிறந்த ஆண்குழந்தை சிறுவயதிலேயே இறந்தது. தந்தை முகம் பார்க்கவில்லை. சேஷகிரி அம்மையார் காத்திருந்தார். அறிஞரைப் போற்றும் கட்டுரைகள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகின்றன. எனக்குத் தாண்ட முடியவில்லை. உலகத்துக்கெல்லாம் மருந்து கொடுத்த மனிதரிடம், கணவர் வருவார் என்று கால் நூற்றாண்டு வாசலைப் பார்த்த பெண்ணுக்குக் கொடுக்க ஒன்றுமில்லையா? என் அம்மாவிடம் இதைச் சொன்னபோது, பெரிய ஆள்தான், ஆனால் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கலாம் என்றாள். நானும் அவ்வளவே சொல்வேன்.

அமெரிக்காவிலும் அவர் அந்நியராகவே இருந்தார். இந்தியர்க்குக் குடியுரிமை இல்லையென்ற நிலை அங்கே 1946 வரை நீடித்தது. சட்டம் மாறியபின்னும் அவர் அதைப் பெற்று முடிக்கவில்லை. 1948 ஆகஸ்டில், இந்தியா விடுதலை பெற்று ஓராண்டு நிறையும் தறுவாயில், உறக்கத்திலேயே மாரடைப்பால் காலமானார். வயது 53. நோபல் பரிசு இல்லை. பூஞ்சையினம் ஒன்றுக்குச் சுப்பரோமைசிஸ் என்று அவர் பெயர் இடப்பட்டது. நூற்றாண்டான 1995-இல் இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டது.

தம்பி துணைத்தேர்வுக்குப் போனான். செய்முறையில் அவனுக்கு வந்தது உமிழ்நீர்ச் சோதனையல்ல, வேறொன்று! வீட்டில் கஞ்சி காய்ச்சியதெல்லாம் வீண் என்று முணுமுணுத்தான். ஆனால் தேறிவிட்டான். இப்போது மருத்துவ ஆய்வக நுட்பப் பட்டயம் படிக்கிறான். அதற்குப் பணம் கட்ட அம்மாவின் தோடு அடகுக்கடைக்குப் போயிருக்கிறது, இன்னும் மீட்கவில்லை. சென்ற மாதம் போன் செய்தான். இரத்தத்தில் பாஸ்பரஸ் அளவு பார்க்கும் பாடம் வந்திருப்பதாகவும், அக்காவின் ஆள் தங்கள் புத்தகத்திலும் இருப்பதாகவும் சொன்னான். பிஸ்கே யார் என்று வகுப்பில் ஒருவன் கேட்டானாம். சுப்பராவோடு வேலை பார்த்தவர் என்று இவன் பதில் சொன்னானாம்.